எழுதாமல் விட்ட இடம்

சிரஞ்சீவி . . . . . . . . . . க்கு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிக்குப் போன பொதிமாட்டுக்காரர் திரும்பும்போது தபாலாபீசில் வாங்கிவந்து கொடுத்தார். நல்ல வழவழப்பான காகிதம். நான்கு மூலையிலும் மஞ்சளைக் கணக்காகத் தடவியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் உன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருப்பது கண்ணில் பட்டது. "தேவாரம் மிராசுதார்" என்று போட்டிருக்கிறாய். எந்த மிராசு அப்பு? தேவாரத்தில் என் அண்ணன் வயலிலிருந்து வருஷா வருஷம் அவர் மனசு வைத்துக் கொடுக்கிற சோளத்தை வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதுவா? குரங்கணிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று அச்சடித்திருந்தால் காகிதம் கிழிந்துவிடுமா? பெண் வீட்டார் மதுரைக்காரர்கள், படித்தவர்கள் என்று உன் மாமா சொன்னார். படித்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவனைக் கண்டால் ஆகாதா?

உன் அப்பா இதற்குப் பதில் எழுத மாட்டார். பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "நல்லா அச்சடிச்சிருக்காக" என்று சொல்லி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அவருடைய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற மகனுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் ஆசீர்வாதம் இருக்கும், புத்திமதி இருக்கும், நடுவே தான் செய்த தப்பையும் சொல்லி இரண்டு சொட்டுக் கண்ணீரும் விடுவாள். நானும் தப்புச் செய்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அவற்றை எல்லாம் இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இன்றைக்கு உன் முறை.

கார்த்திகை மாதம் நீ பெரிய அதிகாரியோடு பள்ளிக்கூடத்தைப் பரீட்சை செய்ய வந்தாயே, அந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வருகிறாய் என்று முதல் நாளே ஆள் வந்து சொல்லிவிட்டான். உன் அப்பா பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவைத்தார். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் நான். உன்னைப் பள்ளிக்கூட உதவி இன்ஸ்பெக்டர் உடுப்பில் அதுவரை நான் பார்த்ததில்லை. வண்டியிலிருந்து நீ இறங்கியபோது எனக்கு வாயெல்லாம் பல். உன் பக்கத்தில் அந்த அதிகாரி, வெயிலில் சிவந்துபோய், குரங்கணிக்கு எதற்கடா வந்தோம் என்கிற முகத்தோடு நின்றார். உன் அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். நீ அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாய். "என்ன வாத்தியாரே, பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறார்களா?" என்று கேட்டாய். அந்த "வாத்தியாரே" என்பதைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் உடனே, "வந்திருக்காக அய்யா" என்றார். பிறந்ததிலிருந்து நீ அவரைக் கூப்பிடுகிற சொல்லால் அவர் உன்னைக் கூப்பிட்டார். உனக்குக் கூசவில்லையா?

நான் மோர் கொண்டுவந்தேன். உனக்குப் பிடிக்குமே என்று இஞ்சி தட்டிப்போட்டு, பெரிய அதிகாரிக்கு ஒன்றும் உனக்கு ஒன்றுமாக இரண்டு டம்ளர். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்கே வச்சிட்டுப் போங்க" என்றாய். வைத்துவிட்டுப் போனேன். சமையல்கட்டு வரைக்கும் போய் நிற்க முடியாமல் திரும்பி வந்து பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்றேன். அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றையும் நான் பார்த்தேன், கேட்டேன். ஆகையால் நீ எனக்கு வேறு கதை சொல்ல வேண்டாம்.

பெரிய அதிகாரி பாடப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்ட, நீ வாசித்தாய். பிள்ளைகள் சிலேட்டில் எழுத வேண்டும். மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி, மிருகங்களைப் பற்றிய பாடம் அது. நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். பிறகு துதிக்கையும் தந்தமும் உள்ளவருடைய பெயர் வந்தது. நீ அதைத் தெளிவாக, உரக்க வாசித்தாய். அறைக்குள் ஒரு சிலேட்டுக் குச்சியும் அசையவில்லை. நீ இரண்டாம் தடவை வாசித்தாய். பிள்ளைகள் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த சொல்லை எழுதினார்கள். அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் சிலேட்டில் கறுப்பாகவே இருந்தது.

ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் போகிறேன், நீ மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறாயே. மலையடிவாரத்தில் சோளம் கதிர் பிடித்ததிலிருந்து அறுத்துப் போர் போடுகிறவரை அவர் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வோம். ஏலத்தோட்டத்துக்கு ஏறிப்போகிறவர்கள் எந்த மாதத்திலும் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுவார் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வாயால் சொல்லக்கூடாததைக் கையால் மட்டும் எழுதுவார்களா? இது மார்கழி, கதிர் இன்னும் வயலில் நிற்கிறது. நானும் எழுத மாட்டேன்.

பெரிய அதிகாரி சிலேட்டுகளை வரிசையாகப் பார்த்தார். அவருக்கு இந்த ஊர் தெரியாது, அவரை நான் குறை சொல்லவில்லை. "எல்லாரும் ஒரே சொல்லை விட்டிருக்கிறார்களே, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதியிருக்கிறான்" என்றார். பிறகு முன்வரிசையில் இருந்த ராக்காயியை எழுப்பி, இந்த இடத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அந்தப் பிள்ளை பயந்துகொண்டே உண்மையைச் சொன்னது. "பேரச் சொன்னா வந்துருவாகய்யா" என்றது. "யார் வருவார்?" என்று அவர் சிரித்தார். பிள்ளை உன் முகத்தைப் பார்த்தது. உன்னை அதற்குத் தெரியும். போன வருஷம் அவள் அப்பன் தோட்டத்திலிருந்து இறங்கிவருகிற பாதையில் பெரியவர் காலில் அகப்பட்டுச் செத்தபோது, லீவுக்கு வந்திருந்த நீயும்தானே தேடப்போன ஆட்களோடு போனாய்? அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த மூங்கிலுக்கு நீயும்தானே தோள் கொடுத்தாய்? பெரிய அதிகாரி உன் பக்கம் திரும்பி, "இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். நீ சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "தெரியவில்லை சார். ஏதோ மலைப்பேச்சு" என்று சொன்னாய். அதோடு நிற்காமல் உன் அப்பாவைப் பார்த்து, "இதுதான் நீர் எழுதச் சொல்லிக்கொடுத்த லட்சணமா?" என்றும் கேட்டாய். நீராம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புச் செய்தவர் குனிவதுபோல அவர் குனிந்தது உன்னைக் காப்பாற்ற. அவர் நிமிர்ந்திருந்தால் உன் முகமும் அவர் முகமும் ஒன்று என்பதை அந்த அதிகாரி பார்த்திருப்பார்.

நீ வாசித்த அந்தப் பாடத்தை நீயும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தேவாரத்தில் உன் மாமா வயலில் பெரியவர் இறங்கி ஒரு பக்கம் முழுவதையும் மிதித்துப்போட்டுப் போனார். விடிந்ததும் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் கால் பதிந்த பள்ளத்துக்குள் நீ உட்கார்ந்து பார்த்தாய், எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாய். திரும்பி வந்தபின் ஒரு நாள் உன் அப்பா பள்ளியில் சொல்லச் சொல்ல எழுதவைத்தபோது அந்தப் பெயர் வந்த இடத்தில் நீ குச்சியை எடுத்துவிட்டாய். ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் தொடங்கி ஒழுங்காக எழுதினாய். பிறகு அழுகிற முகத்தோடு சிலேட்டை அவரிடம் நீட்டி, "தப்பாய்யா?" என்று கேட்டாய். அவர் உன்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, "தப்பில்லடா. எடம் எங்க விடணும்னு தெரிஞ்சிருக்குல்ல, ஒனக்கு எழுதத் தெரியும்" என்றார். அன்று முழுவதும் நீ சிலேட்டை அழிக்காமல் வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாய். உனக்கு அன்று முழு மதிப்பெண். அதே வேலையைச் செய்த ராக்காயிக்கு நீ முட்டை போட்டாய்.

இடம் விடுகிற இந்தப் பழக்கம் யாரால் வந்தது என்று உனக்குத் தெரியாது. என்னால் வந்தது. கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. வகுப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து சோளம் புடைப்பேன். காது அங்கே இருக்கும். புடைத்த தூசியில் விரலால் எழுதிப் பார்ப்பேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு மறுநாள் எனக்கும் ஒரு சிலேட்டு கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நாள் கழித்து, "வீட்ல இருக்கவுக பேரெல்லாம் எழுது பாப்போம்" என்றார். மாமனார் பெயர், மாமியார் பெயர், கொழுந்தன் பெயர் எல்லாம் எழுதினேன். அவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டேன். புருஷன் பெயரை நான் எப்படி எழுதுவேன்? அவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தான் எழுதியிருக்க. இந்த எடத்துல வேற யாரு வந்து உக்காரப் போறா?" என்றார். அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்கும், எழுதக் கூடாது என்று மனசுக்குப் பட்டால் இடம் விட்டு எழுதுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பிரம்பை எடுத்துப் பெரியவர் பெயரை எழுதவைத்திருக்கலாம். அப்படி எழுதிய பிள்ளை அந்த வருஷம் சோளக்காட்டில் என்ன நடந்தாலும் தன்னால்தான் என்று நினைத்துச் சாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எழுதவே விடாமல் இருந்தாரா? அதுவும் இல்லை. அறுப்பு முடிந்து போர் போட்டபின் ஒரு நாள் பிள்ளைகள் எல்லாரையும் ஆற்று மணலுக்குக் கூட்டிப்போவார். கதிர் நின்ற நாளெல்லாம் இடம் விட்ட சொல்லை அன்றைக்கு ஆளுக்கு ஆள் பெரிதாக, கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு எழுதுவார்கள். எழுதிக் கத்திப் படித்துவிட்டு, காலாலேயே அழித்துவிட்டு ஓடி வருவார்கள். நீ எழுதியதுதான் எப்போதும் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். அந்தச் சொல்லை இந்தப் பள்ளியில் எழுதத் தெரியாத பிள்ளை ஒன்றும் இல்லை. அந்த அதிகாரியிடம் நீ, "சார், இந்த ஊர் வழக்கம் அப்படி, வேறு ஒரு பாடம் வாசிக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். நான் இந்த ஊர்க்காரன், இவர் என் அப்பா, மோர் கொண்டுவந்தது என் ஆத்தா என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லக் கூசித்தான் ஒரு பள்ளிக்கூடத்தை அடமானம் வைத்தாய்.

சொந்தக்காரர் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் பாரபட்சம் என்பார்கள் ஆத்தா என்று நீ சொல்வாய். எனக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று நினைக்காதே. அப்படியானால் தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்திருக்கலாம். வந்தது உன் இஷ்டம். பிள்ளைகளின் எழுத்து கிறுக்கல் என்றும் ரிப்போர்ட்டில் எழுதினாயாமே. ஏலக்காய் எடுத்து எடுத்து நகக்கண் வெடித்த விரல் அது. குச்சி பிடிக்கிற அழகு உன் மதுரைப் பயிற்சிப் பள்ளியில் சொன்னபடிதான் இருக்க வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்? உன் அப்பா அந்த விரல்களைக் கொண்டு, மலையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டி இறங்குவதை, ஆற்றில் வெள்ளம் வந்ததை, வீட்டில் ஆடு குட்டி போட்டதை எல்லாம் எழுதவைக்கிறார். மொதல்ல வாயால சொல்லு, சொன்னத எழுது, தப்ப அப்புறம் பாப்போம் என்பார். அவருக்கு அழகு அப்புறம்தான். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் நீ எழுதுகிற ரிப்போர்ட்டு மேலே இருக்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது. அந்தக் கையை வைத்தே அவர் கழுத்தில் கத்தி வைக்கிறாய்.

இப்போது கேள். பொங்கல் கழிந்ததும் காகிதம் மேலே போய்விடும், பள்ளிக்கு அங்கீகாரம் போய்விடும் என்று உன் மாமாவிடம் ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடம் போனால் உன் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. அவர் எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து மணலில் எழுதவைப்பார். ஆனால் அங்கீகாரம் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அதுதான் விஷயம். ராக்காயியின் தாய் போன வாரம் வந்து என் வாசலில் நின்றாள். "பள்ளிக்கொடம் இல்லேன்னா பிள்ளைய மேல கூட்டிட்டுப் போயிர்றேன் ஆத்தா. கீழ விட்டுட்டுப் போனா யாரு பாப்பா? காயாவது எடுக்கும்ல" என்றாள். அப்பன் செத்த பாதையில் அந்தப் பிள்ளை ஏறிப்போகும். நீ எழுதிய காகிதம் அதை ஏற்றிவிடும். அன்றைக்கு அப்புறம் அது சிலேட்டில் ஒன்றுமே எழுதவில்லை. உன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எழுது ஆத்தா" என்றால், "நான் எழுதுனா பள்ளிக்கொடத்த மூடிருவாகல்ல வாத்தியாரய்யா" என்கிறது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, நீ பக்கத்தில் இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். நீ கல்யாண வயசுக்காரன், இன்ஸ்பெக்டர் என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன்.

புத்திமதி ஒன்று சொல்ல வேண்டுமே, சொல்கிறேன். உனக்கு வரப்போகிறவள் படித்த பெண்ணாம். என்ன படித்திருந்தாலும் உன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், எழுதச் சொன்னால் இடம் விடுவாள். அன்றைக்கு அவளையும் எழுதத் தெரியாதவள் என்று சொல்லிவிடாதே. யாராவது வந்து இவள் யார் என்று கேட்டால், தெரியவில்லை சார் என்றும் சொல்லிவிடாதே. உன்னிடம் நான் பயப்படுவது அதற்குத்தான்.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. காகிதம் இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறது. அந்த அதிகாரியிடம் போய் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லு, சிலேட்டில் இருந்த கறுப்பு இடம் என்ன என்று சொல்லு, பரீட்சையை மறுபடி வைக்கச் சொல்லு. வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால், இருக்கட்டும். அதைச் செய்துவிட்டு ஒரு வரி எழுது. உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே முதல் வண்டியில் வந்து, உன் தலையில் கைவைத்து, வாயார ஆசீர்வதித்து, வந்த சனத்துக்கெல்லாம் என் கையால் பரிமாறுவேன். செய்யவில்லை என்றால் உன் கல்யாணத்துக்கு நாங்கள் வர மாட்டோம். தேவாரம் மிராசுதாரை எங்கேயாவது வாடகைக்குப் பிடித்து உட்காரவைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை எடுத்ததும் முதல் வரியைப் பார்த்திருப்பாய். சிரஞ்சீவி என்று எழுதி, உன் பெயர் வர வேண்டிய இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். நான் பெற்று, நான் வைத்த பெயர், எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அந்தப் பெயர்க்காரன் வந்து நின்றால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். நீ வராவிட்டால் இதையும் உன் அதிகாரியிடம் காட்டி, இந்தக் கிழவிக்கும் எழுத வராது என்று முட்டை போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
கார்த்திகையில் உனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவள்.